நாலாம் கட்டம்

"இன்னிக்கு நாலாம் கட்டமாம்" என்கிறான் பூபாலன்
போனைப் பார்த்தபடி.
ஒரு நொடி என் வயிறு கீழே போய்த் திரும்புகிறது.
மின்வெட்டைச் சொல்கிறான்.
எட்டு மணியிலிருந்து பத்தரை வரை
மெரிபேங்க் முழுக்க இருட்டு.

என் கட்டிக்குக் கட்டம் ஏதுமில்லை.
சாது என்றார் டாக்டர்,
மாட்டுக்குச் சொல்வதுபோல.
சாதுவாகவே ஏழெட்டு வருஷம்
இடக்காதுக்குப் பின்னால் மேய்ந்து
கொட்டைப்பாக்கு அளவு பருத்திருந்தது.
எடுத்துப் பதினாலு மாதம்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாத இடம்தான் ராத்திரி முழுக்க இரைகிறது.
கடலோரத்து எண்ணெய் ஆலையை மூடிவிட்டார்கள்,
புகை நின்றது என்று தெருவே பேசுகிறது.
என் காதுக்குள் அதன் குழாய்
இன்னும் சீறுவதைப் பற்றி
யாருக்குப் புகார் எழுத?

லோகாம்பா சித்தி கோயிலில் வைத்து
என் தலைமுடியை விரலால் விலக்கிப் பார்த்தாள்.
"மறைச்சிருச்சு, ஒண்ணுமே தெரியல, நல்லா ஆயிட்டே."
நல்லாத்தான் இருக்கேன் சித்தி.
வலப்பக்க உதடு சொன்னது.
இடப்பக்கம் பேச்சில் சேராமல் தள்ளி நின்றது.

கிரே ஸ்ட்ரீட் கடையில்
ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா
பட்டின் கணக்கைச் சொன்னதும் முறைத்தாள்:
"விலையைக் கேட்டா இளிக்கிறியே?"
இளிக்கவில்லை அம்மா, இது சும்மா இருக்கும் முகம்.
அதைச் சொல்லவில்லை. இருபது ரேண்ட் குறைத்தேன்.
தோகோஸீலே ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் நான் போனபோது
ஜரிகைப் பெட்டிகளையும் தன் ஸ்டூலையும்
என் வலப்பக்கத்துக்கு மாற்றியிருந்தாள்.

சாப்பாடுதான் வேடிக்கை.
நைந்த நரம்பு திரும்ப வளரும்போது
விலாசம் தவறிவிட்டது.
எச்சிலுக்குப் போக வேண்டிய தந்தி கண்ணுக்குப் போகிறது.
மீன்குழம்பு நன்றாக அமைந்துவிட்டால்
இடக்கண் பொலபொலவென்று கொட்டும்.
முதல் மாதம் பூபாலன் கையை உதறிவிட்டு எழுந்து வருவான்.
இப்போது உட்கார்ந்தபடியே எட்டிப் பார்க்கிறான்:
"ரெண்டு சொட்டுதானா? புளி பத்தலையா?"
நிஜமாகவே அழுதபோது, ஜூலையில், ஒரு மத்தியானம்,
அந்தக் கண் காய்ந்தே கிடந்தது.

எட்டடிக்கிறது.
ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கி நிற்கிறது.
இனி நான் நிற்க முடியாது.
உள்காதின் தராசில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டதால்
கண்ணால் நிற்கப் பழகியவள் நான்:
கதவு நிலை, காலண்டர் ஓரம், தரை ஓட்டின் கோடு.
விளக்குப் போனால் அவை போகும்.
அவை போனால் வீடு மிதக்கும்.
கப்பலில் வந்தவர்களின் கதை
எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.
கப்பல் எப்படி ஆடியது என்று
எனக்குத்தான் தெரியும்.

நடைவழியில் சுவரில் முதுகை ஒட்டி
உள்ளங்கை இரண்டையும் தரையில் ஊன்றி உட்கார்கிறேன்.
பூபாலன் டார்ச்சோடு வருகிறான். அணை என்கிறேன்,
ஆடும் வெளிச்சம் இருட்டைவிட மோசம்.
எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்று தெரியவில்லை.
ஏதோ பேசியிருக்கிறான் போல; முழங்கால் இடிக்கிறது.
இந்தப் பக்கம் வாடா என்று இழுக்கிறேன்.
ஆஸ்பத்திரிக் கடனைப் பற்றிப் பேசுகிறோம், பிறகு
பக்கத்து வீட்டு மாமரத்தை மொட்டையடிக்கும்
குரங்குக் கூட்டத்தைப் பற்றி.
நான் சிரிக்கிறேன்.
இருட்டில் என் முகம் இரண்டு பக்கமும் சிரிப்பதாக
எனக்குத் தோன்றுகிறது, அதையும் சொல்கிறேன்.
அவன் மறுக்கவில்லை.
கண்ணுக்குக் களிம்பு போட்டு டேப் ஒட்டுற நேரமாச்சு என்கிறான்.
கொஞ்சம் பொறு.

பத்து முப்பத்திரண்டு.
விளக்கு வருகிறது. தெருப் பிள்ளைகளின் கூச்சல்.
எந்த வீட்டிலிருந்து என்று எனக்குத் தெரியாது,
எல்லாச் சத்தமும் வலப்பக்கத்திலிருந்தே வருகிறது.
காலண்டர் ஓரம் நேராக இருக்கிறது.
அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு
எழுகிறேன்.